நினைவோடு கலந்துகொள்ளல்

விலங்கு மருத்துவமனையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்துவிட்ட கம்பவுண்டருக்கு, இனிமேல் தனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் இருந்தது. எண்ணத்தில் பெரிய தப்பு ஒன்றுமில்லை. எண்ணிய ஆள்தான் தப்பு.

ஆனால் தொடர்கல்வி மையத்துக்கு அவருடைய எண்ணம் தெரியாது. மாதக் கடைசிக்குள் பத்துப் புள்ளிகள் சேர்க்காத பணியாளர் எவரும் ஊசியைத் தொடக் கூடாது என்று மையம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. விலங்கைப் பிடித்துக்கொள்ளலாம், தடவிக்கொடுக்கலாம், ஊசியை மட்டும் தொடக் கூடாது. அந்தப் பத்துப் புள்ளிகளையும் ஒரே நாளில் அள்ளிக்கொள்ள வழி இருந்தது. காலையில் திரவ சிகிச்சை, பிறகு மயக்க மருந்து, அதன் பிறகு நீரிழிவு, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்குப் பரீட்சை.

"போயிட்டு வந்துடுங்க. நீங்க ஊசி போடலைன்னா எல்லா நாயும் என்னைத்தான் கடிக்கும்" என்றார் டாக்டரம்மா. அந்த மருத்துவமனையில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான்.

கம்பவுண்டருக்கு ஒரு ரகசியம் உண்டு. அவருக்கே நீரிழிவு. மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இது அவர் மனைவியையும் அவருடைய வைத்தியரையும் தவிர யாருக்கும் தெரியாது. நாய்க்கும் பூனைக்கும் சர்க்கரை வந்தால் அவற்றின் சொந்தக்காரர்களை நிற்க வைத்து அரை மணி நேரம் புத்தி சொல்பவர் அவர். தனக்கே சர்க்கரை என்று தெரிந்தால் அந்த அரை மணி நேரத்துக்கு மரியாதை என்ன ஆகும்?

"ஊசி போட்டா உடனே சாப்பிடணும். அங்க நேரத்துக்குச் சோறு போடுவாங்களோ என்னவோ" என்று மனைவி ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பையில் திணித்தாள்.

"எனக்கே சொல்றியா?" என்றார் கம்பவுண்டர்.

"உங்களுக்குத்தான் சொல்லணும்" என்றாள் அவள்.

மையத்தின் வாசலில் பதிவாளர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நான்கு நிறத்தில் நான்கு பேனா. கைபேசியை வாங்கி எண் ஒட்டி ஒரு தட்டில் வைத்தார். பிறகு கம்பவுண்டரின் பையைத் திறந்தார்.

"பிஸ்கட்டா? வெளி உணவுக்கு அனுமதி இல்லை. டோக்கன் வாங்கிக்குங்க, போகும்போது திருப்பித் தருவோம்."

"இதுவும் இருக்கு" என்று கம்பவுண்டர் தயங்கி, இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஊசிப் பேனாவைக் காட்டினார்.

"இது தொழில் உபகரணம். இது இருக்கலாம்" என்று பதிவாளர் பெருந்தன்மையாக அனுமதித்தார்.

ஆக, சர்க்கரையை இறக்கும் சாமானுடன் உள்ளே போன கம்பவுண்டர், ஏற்றும் சாமானுக்கு டோக்கன் எண் முப்பத்தொன்றை வாங்கிக்கொண்டார். இதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று அப்போதே அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. முன் வரிசையில் இடம் கிடைக்குமா என்ற கவலைதான் தோன்றியது.

கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் வேறொரு மருத்துவமனையின் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். எந்த விலங்கானாலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள் என்பதால் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். முன்பு ஒரு தடுப்பூசி முகாமில் கம்பவுண்டர் அவளைப் பார்த்திருக்கிறார். அவர் நான்கு முறை குத்தியும் கிடைக்காத ஒரு நரம்பை, பேசிக்கொண்டே அவள் பிடித்த நாள் அது. அந்த நாளை அவர் மறந்துவிட முயன்று வந்தார்.

முதல் வகுப்பு திரவ சிகிச்சை. உடலில் நீர் வற்றினால் என்ன ஆகும் என்று பேராசிரியர் ஒன்றரை மணி நேரம் பேசினார். அவருக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சத்தம் வந்தது. காரணம், அரங்கில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூலையில் புதிதாக ஒரு தண்ணீர் இயந்திரம் நின்றது. அதன் குழாய்களைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். இயக்குநர் வந்து வெட்ட வேண்டுமாம்.

"அவரவர் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பாருங்கள்" என்றார் பேராசிரியர். "உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் நீர்ச்சத்து இருக்கிறது. திரும்பாவிட்டால் இல்லை."

எண்பது பேரும் கிள்ளிக்கொண்டார்கள். கம்பவுண்டரின் தோல் கூடாரம் போட்டதுபோல் அப்படியே நின்றது.

"அருமை! எல்லாரும் இவர் கையைப் பாருங்கள்" என்றார் பேராசிரியர். கம்பவுண்டர் பெருமையோடு கையைத் தூக்கிக் காட்டினார். அந்தக் கையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுக்க வேண்டும் என்று பேராசிரியருக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று கம்பவுண்டருக்கும் தோன்றவில்லை. ஊசியக்கா மட்டும், "சார், அந்த நாடாவைக் கொஞ்சம் தளர்த்தினா எல்லார் தோலும் சரியாயிடும்" என்றாள். பதிவாளர் அவள் பெயரைப் பச்சைப் பேனாவால் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது மயக்க மருந்து. விளக்குகளை அணைத்தார்கள். ஒரு மெலிந்த குரல் நூற்று நாற்பத்திரண்டு படங்களை ஒவ்வொன்றாக வாசித்தது. இருபதாவது படத்தில் பின் வரிசை சாய்ந்தது. முப்பதாவதில் நடு வரிசை. கம்பவுண்டர் தொழில்பழக்கத்தால், இடது பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவரின் மூச்சை எண்ணினார். நிமிடத்துக்குப் பன்னிரண்டு, சீராக இருந்தது. பரிதாபமான ஆள், இப்படியா வகுப்பில் தூங்குவது என்று நினைத்தார். அதற்குப் பிறகு நினைத்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை.

"எந்திரிங்க, எந்திரிங்க" என்று ஊசியக்கா தோளைத் தட்டினாள். "ஆபரேஷன் முடிஞ்சுது. நாக்கு உள்ளே இருக்கான்னு பார்த்துக்குங்க."

மூன்றாவது நீரிழிவு. இதற்காகத்தான் கம்பவுண்டர் காத்திருந்தார். பாடம் எடுத்த நிபுணர் வட்டக் கண்ணாடி போட்ட அம்மாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "ஆய்வுகளின்படி" என்று சொல்பவர். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் கம்பவுண்டர் முந்திக்கொண்டு கை தூக்கினார். "இன்சுலின் போட்ட விலங்கு சாப்பிடாவிட்டால்?" என்று கேட்டதற்கு, "சர்க்கரை இறங்கிடும் மேடம். சொந்தக்காரங்க அலட்சியம்தான் காரணம். நான் அவங்களை விடவே மாட்டேன்" என்று பதில் சொல்லி, அரங்கைத் திரும்பி ஒரு பார்வையும் பார்த்தார்.

பன்னிரண்டேகாலுக்குக் கழிவறைக்குப் போய் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தார். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று அச்சிலேயே இருந்தது. அச்சில் இருப்பதை நம்பும் தலைமுறை அவருடையது.

பன்னிரண்டரைக்குப் பதிவாளர் மேடை ஏறினார்.

"ஒரு சிறு மாற்றம். நம் இயக்குநர் அவர்கள் சாப்பாட்டுக்கு முன் உரையாற்ற இசைந்திருக்கிறார்கள். வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் வந்து உரையாற்றி, தண்ணீர் இயந்திரத்தைத் திறந்து வைத்ததும் சாப்பாட்டு அறை திறக்கப்படும். அதுவரை மேடம் தொடர்வார்கள்."

"நான் முடிச்சிட்டேனே" என்றார் நிபுணர்.

"முதலிலிருந்து தொடருங்கள்" என்றார் பதிவாளர்.

நிபுணர் முதலிலிருந்து தொடர்ந்தார். அப்போதே எழுந்து, "ஐயா, நான் இன்சுலின் போட்டுக்கொண்டவன், எனக்குச் சாப்பாடு வேண்டும்" என்று கம்பவுண்டர் சொல்லியிருக்கலாம். இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கவும் பார்த்தார். ஆனால் சற்று முன்தான் அலட்சியக்காரச் சொந்தக்காரர்களை விடவே மாட்டேன் என்று எண்பது பேர் முன்னால் முழங்கியிருந்தார். பத்து நிமிடத்தில் இயக்குநர் வந்துவிடுவார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்த பத்து நிமிடத்திலும் அதையே சொல்லிக்கொண்டார்.

ஒரு மணி தாண்டியதும் பின்னால் ஒரு கைபேசி அலறியது. நின்று, மறுபடியும் அலறியது. பதிவாளர் வந்து குனிந்து, "எண் முப்பத்தொன்று உங்களுடையதா? வகுப்புக்கு இடைஞ்சல். வெளியே போய்ப் பேசிட்டு வாங்க. கால் புள்ளி கழியும்" என்றார்.

அழைத்தது டைப் டீச்சர். முப்பது வருஷம் தட்டச்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை என்று ஒரு குண்டுப் பூனை வைத்திருந்தார். அது நாள் முழுக்க எதுவும் செய்யாமல் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து உபசாரத்தை எதிர்பார்த்ததால் அந்தப் பெயர். மாப்பிள்ளைக்கு ஒரு வருஷமாகச் சர்க்கரை.

"கம்பவுண்டர் சார், காலையில ஊசி போட்டேன். சாப்பிட்டான், ஆனா நான் பார்க்காதப்போ எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில வாந்தி எடுத்து வச்சிருக்கான். இப்பத்தான் பார்த்தேன். தலை ஆடுது, நடந்தா குடிகாரன் மாதிரி விழறான். டாக்டரம்மா ஆபரேஷன்ல இருக்காங்க போல, போனை எடுக்கலை."

கம்பவுண்டர் நடைபாதைச் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். சுவர் கொஞ்சம் அசைவதுபோல் இருந்தது. ஆனால் வாய் தானாகப் பேசியது. இருபத்தேழு வருஷ வாய்.

"பயப்படாதீங்க டீச்சர். சர்க்கரை இறங்கிடுச்சு. தேனைத் தொட்டு ஈறுல தடவுங்க. வாயில ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். தெளிஞ்சதும் சாப்பாடு வைங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

"சரி சார்."

"தேனைத் தொட்டு ஈறுல தடவுங்க."

"தடவறேன் சார். இந்தா, தடவிக்கிட்டே இருக்கேன்."

"பூனையைத் தொட்டுத் தேன்ல தடவுங்க" என்றார் கம்பவுண்டர்.

மறுமுனையில் டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "சார், நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் கைபேசியைத் தட்டில் வைத்தார். தட்டில் வைத்ததாக நினைத்தார். அது பதிவாளரின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது.

நாற்காலிக்குத் திரும்பி நோட்டைத் திறந்தார். நிபுணர் இரண்டாம் முறையாக அந்த இடத்துக்கு வந்திருந்தார். "ஆய்வுகளின்படி, சர்க்கரை இறங்கும்போது முதலில் நடுக்கம்" என்றார். கம்பவுண்டர் நடுங்கும் கையால் 'நடுக்கம்' என்று எழுதினார். "பிறகு வியர்வை" என்றார் நிபுணர். நோட்டில் ஒரு சொட்டு விழுந்து எழுத்து கலைந்தது. "பிறகு குழப்பம்" என்றார். அதை எழுத்துக்கூட்டத் தெரியாமல் கம்பவுண்டர் வெகுநேரம் யோசித்தார். இவ்வளவு அழகாகக் குறிப்பெடுப்பவர் இந்த அரங்கில் வேறு யாரும் இருக்க முடியாது என்ற திருப்தியுடன் அவர் தலை மெல்ல மேஜையில் சாய்ந்தது.

யாரும் கவலைப்படவில்லை. காலையிலிருந்து அந்த அரங்கில் சாயாத தலை ஒன்றுகூட இல்லை.

பின்னால் கைபேசி மறுபடியும் அலறியது. பதிவாளர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது முறை அலறியபோது, தண்ணீர் கேட்பதற்காக அங்கே வந்து நின்றிருந்த ஊசியக்கா அதை எடுத்துவிட்டாள்.

"பிறருடைய கைபேசியை..." என்று பதிவாளர் ஆரம்பித்தார்.

"யாரும்மா பேசறது?" என்றது மறுமுனை. "மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்துட்டான். அவனைப் பத்தி இப்ப எனக்குக் கவலை இல்லை. என்கிட்ட பேசினாரே கம்பவுண்டர், அவர் எங்க? முப்பது வருஷம் பிழை திருத்தினவ நான். ஒரே வரியை ஒருத்தர் திரும்பத் திரும்ப அடிச்சு, மூணாவது தடவை வார்த்தையை மாத்திப் போட்டா, கோளாறு பேச்சுல இல்லை, ஆள்கிட்ட. நாக்கும் குழறிச்சு. என் பூனை ஆடினானே, அதே மாதிரி. அவருக்கும் சர்க்கரையாம்மா?"

ஊசியக்கா முன் வரிசைக்கு ஓடினாள். கம்பவுண்டரின் நெற்றியைத் தொட்டாள். ஈரமும் குளிர்ச்சியுமாக இருந்தது. அவர் சட்டைப் பையில் கை விட்டதும் இன்சுலின் பேனா வந்தது.

"மேடம்! இவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கு!"

அரங்கு முழுவதும் விழித்துக்கொண்டது. நீரிழிவைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிய ஒருவரும், அதைக் கேட்ட எழுபத்தெட்டுப் பேரும் இருந்த அந்த அறையில், அடுத்த அரை நிமிடம் ஒருவரும் அசையவில்லை. பிறகு நிபுணர் மேஜையிலிருந்த, விலங்குகளுக்கான சர்க்கரை அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தார். கருவி ஒரு கேள்வி கேட்டது.

"நாயா, பூனையான்னு கேக்குது" என்றார் நிபுணர். அவர் முகத்தில் உண்மையான தவிப்பு இருந்தது.

"எதையாவது அழுத்துங்க மேடம்!"

"ஆய்வுகளின்படி இரண்டுக்கும் அளவு வேற..."

"பூனை!" என்று கத்தினாள் ஊசியக்கா.

முப்பத்தெட்டு என்று வந்தது. "பூனைக்கே இது குறைச்சல்தான்" என்று நிபுணர் ஒப்புக்கொண்டார்.

திரவ சிகிச்சை மேஜையில் குளுக்கோஸ் பாட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ஊசியக்கா ஒன்றைப் பிடுங்கினாள். உள்ளே காற்றுதான் இருந்தது. காட்சிக்கு வைத்தவை. மேடையில், இயக்குநரின் நாற்காலிக்கு முன்னால், மூடி போட்ட கண்ணாடித் தம்ளரில் பழச்சாறு இருந்தது. அவள் ஒரே தாவலில் மேடை ஏறினாள்.

"அது இயக்குநருக்கு!" என்று அலறினார் பதிவாளர்.

"அவர் வந்ததும் இவரைக் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கினாள். கம்பவுண்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். தம்ளரின் அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை விரலால் வழித்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தடவினாள். மறுபடியும் தடவினாள். காதில் இடுக்கிய கைபேசியில் டைப் டீச்சர், "ஊத்தாதே, ஊத்தாதே, மூச்சுக்குழல்ல போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சில நிமிடங்களில் கம்பவுண்டரின் நாக்கு அசைந்தது. பிறகு கண் திறந்தது. விழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகு ஊசியக்கா மிச்சப் பழச்சாற்றை மெதுவாகக் குடிக்க வைத்தாள். அவர் சுற்றிலும் பார்த்து முதலில் கேட்டது:

"பூனை எப்படி இருக்கு?"

"எந்தப் பூனையைக் கேக்கறீங்க?" என்றாள் ஊசியக்கா. "கருவியில நீங்களும் பூனைதான்."

சாறு மட்டும் போதாது, வயிற்றுக்கு ஏதாவது வேண்டும். சாப்பாட்டு அறைச் சாவியைத் தர பதிவாளருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் டோக்கன் எண் முப்பத்தொன்றைக் கொடுத்தால் பிஸ்கட்டைத் திருப்பித் தர அதிகாரம் இருந்தது. டோக்கனைத் தேடி எடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கம்பவுண்டர் தன் மனைவி கொடுத்த பிஸ்கட்டைப் பெற்றுக்கொண்டார். கையெழுத்துக் கோணலாக இருந்ததால் இன்னொரு முறை போடச் சொன்னார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு வைத்தியரைக் கூட்டிவந்து காட்டினார்கள். ஆபத்து இல்லை, சாப்பாடு போடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இரண்டு மணிக்கு இயக்குநர் வந்தார். நல்ல உயரம், நல்ல குரல். பதிவாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் முன்னால் இருந்த காலித் தம்ளரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இன்று இங்கே ஒரு நேரடிச் செயல்விளக்கம் நடந்ததாக அறிகிறேன். மகிழ்ச்சி. மற்ற நிறுவனங்கள் பொம்மையை வைத்துப் பாடம் நடத்துகின்றன. நாம் பயிற்சி பெறுபவரையே வைத்து நடத்துகிறோம். சரியான நேரத்தில் உணவு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை, என் வருகையைச் சற்றே தாமதப்படுத்தியதன் மூலம், என்னால் இயன்ற அளவுக்கு உங்களுக்கு உணர்த்தியிருக்கிறேன். இதற்குப் பின்னால் இருக்கும் திட்டமிடல் வெளியே தெரியாது. தெரிய வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதும் இல்லை."

எல்லாரும் கை தட்டினார்கள். கம்பவுண்டரும் தட்டினார். வாயில் பிஸ்கட் இருந்ததால் அவரால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

பரீட்சையில் ஒரு கேள்வி: 'இன்சுலின் போட்ட பூனை தள்ளாடினால் முதலில் செய்ய வேண்டியது என்ன?' கம்பவுண்டர் 'ஈறில் சர்க்கரை தடவ வேண்டும்' என்ற விடையைக் குறித்தார். சரியான விடை 'பொறுப்பு அதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்' என்பதாம். இருந்தாலும் தேறிவிட்டார். மாலையில் சான்றிதழ் வாங்கப் போனபோது பதிவாளர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஒன்பதேகால். முக்கால் புள்ளி குறையுது. கைபேசிக்குக் கால், நோயாளியா இருந்த நேரத்துக்கு அரை."

"நான் அங்கேயேதானே சார் இருந்தேன்!"

"உடம்பு இருந்தது. விதியில 'நினைவோடு கலந்துகொள்ளல்'னு இருக்கு. உங்களுக்கு நினைவு இல்லை."

"அப்ப மயக்க மருந்து வகுப்புல?"

"அதுல யாருக்குமே நினைவு இல்லை. அதனால எல்லாருக்கும் முழுப் புள்ளி" என்றார் பதிவாளர். "அடுத்த மாசம் நீரிழிவு வகுப்புக்கு மட்டும் மறுபடி வாங்க. அதுவரைக்கும் ஊசியைத் தொடாதீங்க."

"எனக்கு நானே போட்டுக்கற ஊசி?"

பதிவாளர் நான்கு பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அதை எழுத்துமூலம் கேளுங்க" என்றார்.

ஊசியக்கா அதற்குள் அவர் மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கம்பவுண்டர் வீட்டுக்குப் போனபோது மனைவி திட்டவில்லை. இரண்டு நாள் திட்டவே இல்லை. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் வாய் திறந்து ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரம் டைப் டீச்சர் கூடையில் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். டாக்டரம்மா கையில் ஊசியுடன் நின்றார். கம்பவுண்டருக்கு இப்போது விலங்கைப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான். டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இருபத்தேழு வருஷத்தில் மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் நிற்கும் அந்தப் பக்கத்துக்கு அவர் நன்றி சொன்னதில்லை. கூடைக்குள் கையை நீட்டினார்.

டீச்சர் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சாப்டாச்சா சார்?"

"ஆச்சு டீச்சர்."

"என்ன சாப்பிட்டீங்க?"

கம்பவுண்டர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை கூடைக்குள்ளிருந்து தலையை நீட்டி, நிதானமாக, எந்த அவசரமும் இல்லாத ஒருவரைப் போல அவரைப் பார்த்தது.

"இதோ வந்துடறேன்" என்று கம்பவுண்டர் உள்ளறைக்குப் போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

"மெதுவா சாப்பிடுங்க" என்று டீச்சர் வெளியிலிருந்து சொன்னார். "நாங்க இருக்கோம்."